மறுமொழி: ஷெங்கன் பற்றிய நம் கட்டுரையில் வரும் ‘பாஸ்போர்ட் ஃப்ரீ டிராவல்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

> ‘கடவுச்சீட்டில்லாப் பயணம்’ என்று வைத்துவிடலாமே, எளிமையாக இருக்கிறது.

எளிமைதான். ஆனால் இதைப் படித்தவர் கடவுச்சீட்டை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். ஷெங்கன் ஒப்பந்தத்தில் சேர்ந்த ஐரோப்பிய நாடுகளுக்குள் நீக்கப்பட்டது எல்லையில் நிறுத்திச் சோதிக்கும் வழக்கம் மட்டுமே. பாரிசிலிருந்து பிரஸ்ஸல்ஸ் போகும் இந்தியப் பயணி கையில் கடவுச்சீட்டும் விசாவும் இருந்தாக வேண்டும். காவலர் கேட்டால் காட்டவும் வேண்டும். அதனால் ‘எல்லைச்சோதனையற்ற பயணம்’ என்கிறேன்.

> ‘எல்லையற்ற பகுதி’?

அது இறைவன் கருணைக்குச் சொல்வது! இங்கே எல்லை இருக்கிறது, அதுவும் இரண்டு வகையாக. 1985 ஜூன் 14 அன்று லக்சம்பர்க்கின் ஷெங்கன் கிராமத்தில், மோசல் ஆற்றில் நின்ற கப்பலில் ஐந்து நாடுகள் இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. சோதனை நின்றதோ 1995 மார்ச்சில். உள்ளே தளர்த்தினால் வெளியே இறுக்க வேண்டும் என்பதுதான் பேரம்: பொது விசா, தேடப்படுவோர் பற்றிய பொதுத் தகவல் தொகுதி, காவல்துறைகளுக்கு இடையே ஒத்துழைப்பு. ஆகவே ‘உள்ளெல்லை’, ‘புறவெல்லை’ என்ற இணை நமக்குத் தேவை. ஃபிரான்ஸ்–ஸ்பெயின் எல்லை உள்ளெல்லை; கிரீஸ்–துருக்கி எல்லை புறவெல்லை. சென்னையிலிருந்து நேரே ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்குபவருக்கு அந்த விமான நிலையமே புறவெல்லை. ‘எல்லைப் பாதுகாப்பு’ என்று பொதுவாக எழுதினால் இது எதுவும் விளங்காது.

ஜெர்மனி 2024 செப்டம்பரில் தன் நில எல்லைகள் அனைத்திலும் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்தது. ஃபிரான்ஸ் 2015 நவம்பரில் தொடங்கியதை நீட்டித்துக்கொண்டே போகிறது. ‘தற்காலிகம்’ என்பதற்கு அங்கே பொருள் கொஞ்சம் தாராளம். இப்படிச் சோதனையைத் திரும்பக் கொண்டுவருவதற்கு ‘இடைக்கால மீள்சோதனை’ சரியா?

— — —

உங்கள் பதில் பார்த்தேன். உள்ளெல்லை, புறவெல்லை இரண்டும் எனக்குச் சம்மதம். ‘மீள்சோதனை’ வேண்டாம், ஒரே ஆளை இரண்டாம் தடவை சோதிப்பது போல ஒலிக்கிறது. சட்ட மொழிபெயர்ப்புக்கு ‘சோதனை மீள்நிறுவல்’ இருக்கட்டும். செய்திக்கு ‘மீண்டும் எல்லைச் சோதனை’ போதும், எல்லாவற்றுக்கும் கலைச்சொல் தேட வேண்டாம்.

அப்புறம், கட்டுரை வரைவில் ஷெங்கனும் ஐரோப்பிய ஒன்றியமும் ஒன்றாகவே வருகின்றன. சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஒன்றியத்தில் இல்லை, ஷெங்கனில் உண்டு, அயர்லாந்து நேர்மாறு. அச்சுக்குப் போகுமுன் திருத்திவிடுங்கள்.