மறு: பல்லை ஆராயும் இலத்திரன் கருவி – "நுண்பகுப்பு" போதுமா?

> சேர், பல்லில் எந்த மூலகம் எங்கே இருக்கிறது என்று பார்க்கும் electron probe X-ray microanalysis என்பதற்கு, உயர்தரப் பிள்ளைகளுக்கான கட்டுரையில் "இலத்திரன் ஊசி எக்ஸ்-கதிர் நுண்பகுப்பு" என்று போட்டிருக்கிறேன். அக்கரைப்பற்று நண்பர் "கனிப்பொருள் பகுப்பு" என்று சுருக்கச் சொல்கிறார். எது சரி?

மகள்,

முதலில் அந்த ஊசியை எடுத்திடுங்க. பல்லைப் பற்றிய கட்டுரையில் ஊசி என்று கண்டால், களுவாஞ்சிக்குடியில் படிக்கிற பிள்ளைக்கு முரசில் போடும் ஊசிதான் ஞாபகம் வரும். இங்கே பல்லைத் தொடுகிற முனை ஒன்றுமே இல்லை. கழன்ற பல்லை வெட்டி, கண்ணாடி போல மினுக்கி, மின் கடத்துவதற்காகக் காபனை மெல்லிசாகப் பூசி வெற்றிடத்துக்குள் வைக்கிறார்கள். பெரும்பாலும் 15 கிலோவோல்ற்று அளவில் முடுக்கிய இலத்திரன்களை ஏறத்தாழ ஒரு மைக்ரோமீற்றருக்குக் குவித்து அதன்மேல் விழுத்துகிறார்கள். ஆகவே "கற்றை". பாடப்புத்தகத்திலேயே இருக்கிற சொல்.

"எக்ஸ்-கதிர்" கட்டாயம் நிற்கவேண்டும், அதுவும் இலத்திரனுக்குப் பின்னால். பல் கிளினிக்கில் எடுக்கும் படத்தில் எக்ஸ்-கதிர் உள்ளே போகிறது. இதில் போவது இலத்திரன், வெளியே வருவதுதான் எக்ஸ்-கதிர். கல்சியம் தன் கதிரை 3.69 கிலோ இலத்திரன்வோல்ற்றிலும் பொசுபரசு 2.01 இலும் விடும். ஒவ்வொரு மூலகத்துக்கும் தனித்தனிக் கதிர் உண்டென்பதை ஆங்கிலேய பௌதிகவியலாளர் மோஸ்லி 1913 இல் ஒழுங்குபடுத்திக் காட்டினார். அதை வைத்து இந்தக் கருவியைக் கட்டி, 1951 இல் பாரிஸில் ஆய்வேடாகக் கொடுத்தவர் பிரெஞ்சுக்காரர் காஸ்டேன்.

இனி "நுண்பகுப்பு". எனக்கு இதில்தான் பெரிய மனக்குறை. இரசாயனக்காரர் சில மில்லிகிராம் பொருளை வைத்துச் செய்யும் பகுப்புக்கு அந்தப் பெயர் எப்போதோ போய்விட்டது. ஒஸ்திரிய இரசாயனவியலாளர் பிரெகிலுக்கு 1923 இல் நோபல் பரிசு கிடைத்ததே அதற்குத்தான். அங்கே சிறியது பொருளின் அளவு. இங்கே பல் முழுசாகவே கிடக்கிறது, சிறியது நாம் பார்க்கும் இடம். பல்லின் வெளிப்படையான எனாமலின் ஓரத்திலிருந்து அதற்கு உள்ளேயிருக்கும் டென்டினுக்குள் சில மைக்ரோமீற்றருக்கு ஒருதரம் கற்றையை நகர்த்தி, கல்சியம் எங்கே இறங்குகிறது என்று பார்க்கலாம். எனாமலின் நிறையில் கிட்டத்தட்ட 96 வீதம் கனிப்பொருள், டென்டினில் 70 வீதமளவில். அந்த எல்லையைக் கடக்கிறபோது வரைபு விழும். அதனால் "நுண்ணிடப் பகுப்பு" என்கிறேன்.

அக்கரைப்பற்று நண்பர் கோபிக்கக்கூடாது. கருவி காண்பது மூலகங்களை, கனிப்பொருளை அல்ல. பல்லின் கனிப்பொருளான ஐதரொட்சிஅப்பற்றைற்றில் உள்ள ஐதரசனுக்குச் சிறப்பு எக்ஸ்-கதிரே கிடையாது. கல்சியத்துக்கும் பொசுபரசுக்கும் அணு விகிதம் 1.67 அருகே வந்தால், அது அப்பற்றைற்று வகை என்று நாம்தான் ஊகிக்கிறோம். புளோரீனோ இன்னும் தொல்லை: கதிர் மெலிவு, போதாததற்கு அப்பற்றைற்றில் கற்றை பட்டுக்கொண்டிருக்கும்போதே எண்ணிக்கை மாறும். புளோரைட்டு கூடிய உலர்வலயக் கிணற்றுநீரால் கறைபட்ட பற்களைப் பற்றி எழுதப்போகிறீங்க என்றால் இதை ஒரு வரியாவது சொல்லுங்க.

என் முன்மொழிவு: இலத்திரன்கற்றை எக்ஸ்-கதிர் நுண்ணிடப் பகுப்பு. நீளம்தான். முதல்தரம் முழுசாக எழுதிவிட்டு, பிறகு "நுண்ணிடப் பகுப்பு" என்று விட்டால் போதும். தமிழ்நாட்டு நண்பர்கள் "எதிர்மின்னி", "தனிமம்" என்று மாற்றிக்கொள்ளட்டும், நமக்கு இலத்திரனும் மூலகமும் பழகிய சொற்கள்.

கற்றையை ஒரு கோட்டில் நகர்த்தி அளப்பதற்குத்தான் இன்னும் சொல் அகப்படவில்லை. "கோட்டு வருடல்" என்று ஒருவர் எழுதியிருந்தார். பல்லுக்கு வருடல் எனக்கு ஒட்டவில்லை. வேறு இருந்தால் எழுதுங்க.