மெஸ்ஸி மீண்டும் பார்சிலோனா ஜெர்சி அணிய வேண்டுமா, விடைபெற்றுச் சென்றால் போதுமா?

ராத்திரி ஆட்டம்:

நண்பர்களுக்கு வணக்கம். 2025 நவம்பர் 9ஆம் தேதி இரவு மெஸ்ஸி முன்னறிவிப்பு ஏதுமின்றிப் பார்சிலோனாவின் காம்ப் நோ மைதானத்துக்குள் சென்று, கட்டுமானம் இன்னும் முடியாத அந்த இடத்தின் புல்தரையில் நின்று எடுத்துக்கொண்ட படங்களை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். படங்களோடு அவர் எழுதிய சில வரிகள்தான் இந்தக் கேள்வியை எழுப்ப வைத்தன. என்றாவது ஒரு நாள் அங்கே திரும்பி வர விரும்புவதாகவும், தனக்குக் கிடைக்காமலே போன விடைபெறுதலுக்காக மட்டும் அல்ல என்றும் அவர் எழுதியிருந்தார். அந்த "மட்டும் அல்ல" என்ற சொற்களைப் பிடித்துக்கொண்டுதான் நம்மில் பலர் அன்றிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறோம்.

2021 மே 16 எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு இருந்த காலம் அது. ஸ்பெயின் லீக்கான லா லிகாவின் ஆட்டங்கள் அப்போது இந்தியாவில் ஃபேஸ்புக்கில் இலவசமாக வந்துகொண்டிருந்தன. இரவு பத்து மணிக்கு செல்ட்டா வீகோவுடனான ஆட்டத்தை மொட்டை மாடியில் கைபேசியில் பார்த்தேன். புஸ்கெட்ஸ் தூக்கிப் போட்ட பந்தை மெஸ்ஸி தலையால் தட்டிக் கோல் போட்டபோது மைதானத்தில் கைதட்ட ஒருவர்கூட இல்லை. ஆட்டம் 1-2 என்று தோல்வியில் முடிந்தது, கோப்பை கை நழுவியது என்ற எரிச்சலோடு கைபேசியை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். அதுதான் கடைசி ஆட்டம் என்று அன்று நமக்குத் தெரியாது, அவருக்கும் தெரிந்திருக்காது. 778 ஆட்டங்கள், 672 கோல்கள், அத்தனைக்கும் பிறகு வெறும் இருக்கைகளுக்கு முன்னால் முடிந்து போனது அந்தக் கணக்கு.

அமெரிக்க லீக் டிசம்பர் தொடக்கத்தில் முடிந்து, அடுத்த பருவம் பிப்ரவரியில்தான் தொடங்குகிறது. இடைப்பட்ட வாரங்களில் அவர் ஆடும் இன்டர் மயாமியிடமிருந்து குறுகிய கால இரவலாக அவரை அழைத்து, ஐந்தாறு ஆட்டங்களில் கடைசி இருபது நிமிடம் களமிறக்கினால் என்ன? இது நடக்கக்கூடியதா, நடந்தால் கழகத்துக்கு நல்லதா என்று உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

கணக்குப்பிள்ளை:

உங்கள் ஏக்கம் எனக்கும் உண்டு, ஆனால் இதற்குக் குறுக்கே நிற்பது லா லிகாவின் ஊதிய வரம்பு. 2021 ஆகஸ்ட்டில் மெஸ்ஸி தன் ஊதியத்தில் பாதியை விட்டுக்கொடுக்கச் சம்மதித்த பிறகும் அவரைப் பதிவு செய்ய முடியவில்லை. அவரைச் சேர்த்தால் ஊதியச் செலவு கழக வருமானத்தில் 110 விழுக்காடு ஆகும், அவர் இல்லாவிட்டாலும் 95 விழுக்காடு இருக்கும் என்று தலைவர் லப்போர்ட்டாவே அப்போது சொன்னார். பத்து நாள் கழித்து, கழகத்தின் கடன் 135 கோடி யூரோ என்று கணக்கை விரித்து வைத்தார். அந்தப் பள்ளத்திலிருந்து நாம் இன்னும் முழுதாக ஏறி வரவில்லை.

பலர் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். கையில் காசு இருந்தால் ஒப்பந்தம் போடலாம், ஆனால் ஒப்பந்தம் போட்டால் மட்டும் களத்தில் இறக்கிவிட முடியாது. ஒவ்வொரு கழகமும் அணிக்காக எவ்வளவு செலவழிக்கலாம் என்று லீக் ஒரு வரம்பு விதிக்கிறது. வரம்பைத் தாண்டிய நிலையில் இருக்கும் கழகம், மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதியை மட்டுமே புதிய ஆட்டக்காரருக்குச் செலவிடலாம். இரவலாக வருபவருக்கும் இதே பதிவு வேண்டும், அவருக்குத் தரும் ஊதியமும் இதே கணக்கில்தான் சேரும்.

டானி ஓல்மோவுக்கு என்ன ஆயிற்று என்று நினைத்துப் பாருங்கள். 2024 ஆகஸ்ட்டில் லைப்சிக்கிலிருந்து வாங்கி, கிறிஸ்டென்சன் காயத்தால் ஆட முடியாததால் ஊதியக் கணக்கில் கிடைத்த இடத்தைக் காட்டித் தற்காலிகமாகப் பதிவு செய்தோம். டிசம்பர் 31 நள்ளிரவோடு அந்தப் பதிவு காலாவதியாகி, ஸ்பெயின் அரசின் விளையாட்டு அமைப்பு ஜனவரி 8 அன்று இடைக்கால உத்தரவு தந்த பிறகுதான் அவரால் மீண்டும் ஆட முடிந்தது. 2025 கோடையில் கோல்கீப்பர் ஜோவான் கார்சியாவைப் பதிவு செய்ய டெர் ஸ்டேகனின் நீண்ட காலக் காயம் தேவைப்பட்டது. அணியின் முதல் கோல்கீப்பருக்கே இந்த நிலை என்றால், ஆறு வாரத்துக்கு வரும் விருந்தாளிக்காக எந்த இளைஞனின் இடத்தை எடுப்பது? 2023 ஜூனிலும் இதுதான் தடையாக இருந்தது. தன்னைச் சேர்ப்பதற்காக மற்றவர்களை விற்கவோ அவர்கள் ஊதியத்தைக் குறைக்கவோ வேண்டியிருக்கும் என்று கேள்விப்பட்டதாகவும், அதற்குத் தான் காரணமாக இருக்க விரும்பவில்லை என்றும் சொல்லிவிட்டுத்தான் அவர் மயாமிக்குப் போனார். அந்த முடிவை நான் இன்றைக்கும் மதிக்கிறேன்.

இன்னொன்று, 2025 அக்டோபரில் அவர் மயாமியுடன் 2028 வரை ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டார். அவரை விட்டுத்தர அந்தக் கழகமும் சம்மதிக்க வேண்டும் அல்லவா?

வியாசர்பாடி நடுகளம்:

பணக் கணக்கை அண்ணன் சொல்லிவிட்டார், நான் ஆட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எங்கள் பகுதியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவன் என்ற முறையில் பார்சிலோனா பயிற்சியாளர் ஃப்ளிக்கின் அணியைத் தொடர்ந்து கவனித்து வருகிறேன். அவருடைய பின்வரிசை ஏறக்குறைய நடுக்கோட்டில் நிற்கிறது. முன்னால் இருப்பவர்கள் பந்து வைத்திருக்கும் எதிராளியை நொடிப்பொழுதும் விடாமல் நெருக்கினால் மட்டுமே அது தாங்கும். நெருக்குவதில் ஒருவர் சற்றே அசந்தாலும், நிமிர்ந்து பார்த்துப் பந்தைப் பின்னால் போட எதிராளிக்கு நேரம் கிடைத்துவிடும். 2025 நவம்பரில் பெல்ஜியத்தின் புரூஜ் அணியின் மைதானத்தில் 3-3 என்று திணறியபோது நாம் பார்த்தது இதைத்தான்.

மெஸ்ஸி இருபத்தைந்து வயதிலேயே ஆட்டத்தின் பெரும்பகுதியை நடந்தே கழித்தவர். நடந்தபடி எதிரணியில் எங்கே ஓட்டை விழுகிறது என்று அளந்துகொண்டிருப்பார். ஷாவி, இனியெஸ்டா, பெட்ரோ எல்லோரும் அவருக்காகவும் சேர்த்து ஓடினார்கள், அந்தக் கடனை அவர் கோலாகத் திருப்பிக் கொடுத்தார். முப்பத்தெட்டு வயதிலும் அமெரிக்காவில் 29 கோல் அடித்து லீக்கின் தங்கக் காலணியை வென்றிருக்கிறார், அவர் காலில் இருக்கும் கலை குறையவே இல்லை. ஆனால் இன்றைய பார்சாவில் அந்த ஓட்டத்தை யாரிடம் கேட்பது? ரஃபீன்யா ஏற்கெனவே இரண்டு பேருக்கான வேலையைச் செய்கிறார்.

எனக்கு இதைவிடவும் பெரிய கவலை நம் இளம் ஆட்டக்காரர் யமால். வலது ஓரத்திலிருந்து இடது காலால் உள்ளே வெட்டி வரும் அதே தடம், 2025 ஜூலையிலிருந்து அதே 10ஆம் எண். 2007இல் ஓர் அறக்கட்டளை நாட்காட்டிக்காக, கைக்குழந்தையாக இருந்த யமாலை நீண்ட முடியோடு கூச்சத்தோடு குளிப்பாட்டிக்கொண்டிருக்கும் மெஸ்ஸியின் படம் எங்கள் பயிற்சி அறைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பையன் இப்போதுதான் தன் பெயரைத் தானே எழுதத் தொடங்கியிருக்கிறான். அவன் ஒவ்வொரு முறை பந்தைத் தவறவிடும்போதும் எழுபதாயிரம் கண்கள் மாற்று ஆட்டக்காரர்களின் இருக்கையைத் திரும்பிப் பார்க்கும் நிலையை நான் விரும்பவில்லை.

சிவப்புப் பீரங்கி, சேலம்:

நான் இங்கிலாந்தின் ஆர்சனல் அணி ரசிகன், அழையாமல் வந்து பேசுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். இதே போன்ற ஒன்றை நாங்கள் அனுபவித்திருக்கிறோம் என்பதால் சொல்லத் தோன்றியது.

2012 ஜனவரியில் எங்கள் பழைய நாயகன் தியரி ஆன்ரி நியூயார்க்கிலிருந்து இதே அமெரிக்க இடைவேளையில் எங்களிடம் இரவலாக வந்தார். வயது 34. அதற்கு முந்தைய மாதம்தான் மைதானத்துக்கு வெளியே அவருக்கு வெண்கலச் சிலை வைத்திருந்தோம். சிலையான ஒருவர் மறுபடியும் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்தால் பெயர் கெடும் என்று எனக்குள் பெரிய பயம் இருந்தது. அவருடைய 14ஆம் எண் வால்காட்டிடம் இருந்தது. அதைத் திருப்பிக் கேட்காமல் 12ஐ அணிந்துகொண்டார்.

ஜனவரி 9, லீட்ஸ் அணியுடன் எஃப்.ஏ. கோப்பை ஆட்டம், கோல் எதுவும் விழவில்லை. 68ஆம் நிமிடத்தில் அவர் இறங்கினார். பத்தே நிமிடம். அலெக்ஸ் சாங் இடப்பக்கம் பந்தை நகர்த்திக் கொடுக்க, ஒரே தொடலில் உடம்பைத் திறந்து, வலது காலின் உட்புறத்தால் எதிர் மூலைக்குள் தள்ளினார். நூறு தடவை பார்த்த அதே கோல். ஓடிப்போய்ப் பயிற்சியாளர் வெங்கரைக் கட்டிப்பிடித்த காட்சியை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் நிறைகிறது. பிப்ரவரி 11 அன்று சண்டர்லேண்டில், ஆட்டத்தின் கூடுதல் நிமிடத்தில் வெற்றி கோலைப் போட்டுவிட்டுப் போனார். யாருடைய இடத்தையும் அவர் பறிக்கவில்லை. ஆகவே, மனத்தளவில் இது சரியாக வரவே வராது என்று நீங்கள் முடிவு கட்டிவிட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பெக்கம் இதே வழியில் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து மிலானுக்கு இரண்டு முறை இரவலாகப் போனார். இரண்டாம் முறை, 2010 மார்ச்சில் குதிகால் தசைநாண் அறுந்து, அந்த ஆண்டின் உலகக் கோப்பை அவருக்கு இல்லாமலே போயிற்று. 2026இல் உலகக் கோப்பை இருக்கும்போது அர்ஜென்டினாக்காரர்கள் இந்த யோசனையை எப்படி ஏற்பார்கள்?

ராத்திரி ஆட்டம்:

அனைவருக்கும் நன்றி. பதிவுச் சிக்கலைக் கணக்குப்பிள்ளை ஐயா விளக்கிய பிறகு, இரவல் யோசனையை நான் விட்டுவிடுகிறேன். மெஸ்ஸியை ஆட்டக்காரராகத் திரும்ப அழைப்பது யதார்த்தம் அல்ல, அது இப்போது இருப்பவர்களுக்குச் செய்யும் மரியாதையும் அல்ல என்று லப்போர்ட்டாவும் அந்தப் படங்கள் வந்த சில நாட்களிலேயே சொல்லிவிட்டார். ஆர்சனல் நண்பர் சொன்ன ஆன்ரி கதையைப் படித்தபோது மனம் மறுபடியும் தடுமாறியது என்பதையும் மறைக்கவில்லை.

ஆனால் விடைபெறுதலை மட்டும் என்னால் விட்டுக்கொடுக்க முடியாது. 2018 மே மாதம் இனியெஸ்டா விடைபெற்ற இரவில், கூட்டம் எல்லாம் கலைந்த பிறகு நள்ளிரவு தாண்டி வெறுங்காலோடு நடுவட்டத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஷாவிக்கும் 2015இல் நிறைந்த மைதானத்தின் கைதட்டல் கிடைத்தது. மெஸ்ஸிக்குக் கிடைத்தது ஒரு செய்தியாளர் சந்திப்பு, மனைவி நீட்டிய ஒரு காகிதக் கைக்குட்டை, அவ்வளவுதான். பதின்மூன்று வயதில் ரொசாரியோவிலிருந்து வந்த பிள்ளை இருபது ஆண்டுகள் கழித்து வீட்டைக் காலி செய்த விதம் அது.

ஆகஸ்ட்டில் நம் கழகம் நடத்தும் ஜோவான் காம்பர் கோப்பை ஆட்டம் இதற்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். அது நட்பு ஆட்டம்தான், ஆகவே லீக் பதிவுச் சிக்கல் எதுவும் குறுக்கே வராது. ஒரு பாதி மயாமிக்கு, மறு பாதி நமக்கு ஆடலாம்.

கணக்குப்பிள்ளை:

அதில் எனக்கு முழுச் சம்மதம். ஒரே ஒரு வேண்டுகோள், எதிரணியை யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1978இல் நெதர்லாந்து ஜாம்பவான் கிரைஃபுக்காக அயாக்ஸ் நடத்திய விடைபெறும் ஆட்டத்துக்கு வந்த பயர்ன் மியூனிக், எட்டு கோல் போட்டு 8-0 என்று வென்றுவிட்டுப் போனது. அப்படி ஓர் இரவு நம்மவருக்கு வேண்டாம்.

தேதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 நவம்பர் 22 அன்று அத்லெட்டிக் பில்பாவோவுக்கு எதிராகக் காம்ப் நோ திரும்பத் திறந்தபோது ஏறக்குறைய 45,000 பேருக்குத்தான் இடம் இருந்தது. முழுதும் முடிந்தால் 1,05,000 பேர் அமரலாம், அந்தக் கூட்டத்துக்கு முன்னால் மெஸ்ஸிக்குப் பாராட்டு நடத்தலாம் என்பது லப்போர்ட்டாவின் எண்ணம். அதற்காகக் காத்திருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கட்டட வேலை ஏற்கெனவே பலமுறை தள்ளிப்போயிருக்கிறது. மெஸ்ஸிக்கு 2026 ஜூனில் 39 வயது நிறைகிறது. மேல் அடுக்கில் இருக்கை பொருத்தாவிட்டாலும் பரவாயில்லை, அவர் கால்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த ஆட்டத்தை நடத்திவிட வேண்டும்.

வியாசர்பாடி நடுகளம்:

அந்த இரவில் அவர் வெளியேறும்போது அவருக்குப் பதிலாக உள்ளே வருபவர் யமாலாக இருக்கட்டும். என் பிள்ளைகளை எழுப்பி உட்கார வைத்து அதைப் பார்க்கச் சொல்வேன்.