2 எச்.பி. மோட்டார், ஒருமுனை டிரைவ்: உறைந்த ரப்பர்க் கட்டி உள்ளே போனதும் ரோலர் நின்றுவிடுகிறது (தீர்ந்தது)

மலையோரத்தான், குலசேகரம்

வணக்கம். எங்களுக்கு ரப்பர்த் தோட்டம் சிறியதுதான். பால் உறைய வைத்து வீட்டோடு இருக்கும் கொட்டகையிலேயே ஷீட் அடிக்கிறோம். கைப்பிடி சுற்றிச் சுற்றி அப்பாவுக்குத் தோள் போய்விட்டது. அதனால் ரோலருக்கு மோட்டார் பொருத்தினேன். வீட்டில் ஒருமுனை மின்சாரம் மட்டுமே. முதலில் கெப்பாசிட்டர் மோட்டார் வைத்துப் பார்த்தேன். வேகத்தைக் குறைக்க வழியில்லை, முதல் சுற்றில் கட்டி பிய்ந்துபோகிறது. எனவே பழைய மும்முனை மோட்டார் ஒன்றும், 230 வோல்ட் வாங்கி மும்முனையாகக் கொடுக்கும் டிரைவ் ஒன்றும் வாங்கினேன். அதில் ஹெர்ட்சைக் கூட்டிக் குறைத்தால் மோட்டாரின் வேகமும் கூடிக் குறையும்.

மோட்டார் பெயர்த்தகட்டில் உள்ளவை: 1.5 கிலோவாட், 415 வோல்ட், 3.4 ஆம்பியர், 50 ஹெர்ட்ஸ், 1420 சுற்று. டிரைவும் 1.5 கிலோவாட், வெளியீடு 7 ஆம்பியர்.

வெறுமனே ஓட்டினால் 50 ஹெர்ட்ஸ் வரை பூப்போலச் சுற்றுகிறது. கட்டியை ரோலருக்கு இடையில் கொடுத்தவுடன் உறுமிக்கொண்டு நின்றுவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், ரோலர் நின்ற பிறகும் டிரைவின் திரையில் 40.00 என்றே நிற்கிறது. ஆம்பியர் 10க்கு மேல் ஏறி, சற்று நேரத்தில் அதிகச் சுமை என்று சொல்லி டிரைவ் நின்றுவிடுகிறது. கியர் பெட்டியில் குறையில்லை, கையால் சுற்றிப் பார்த்துவிட்டேன். டிரைவ் போலியோ என்று சந்தேகம். தெரிந்தவர்கள் உதவுங்கள்.

ஐஸ்காரன், குளச்சல்

தம்பி, டார்க் பூஸ்ட் என்று ஓர் அமைப்பு இருக்கும், மோட்டார் கிளம்பும்போது கொஞ்சம் வோல்ட் கூட்டிக் கொடுப்பது. தொழிற்சாலையிலிருந்து வரும்போது 2, 3 சதவீதத்தில் இருக்கும். அதை ஏற்றிப் பாருங்கள். எங்கள் ஐஸ் பிளாண்டில் உப்புநீரைக் கலக்கும் மோட்டார் இப்படித்தான் கிளம்ப மறுத்தது, பூஸ்ட் ஏற்றியதும் சரியானது.

மலையோரத்தான்

ஏற்றிப் பார்த்துவிட்டேன் அண்ணன். 20 சதவீதம் வரை போனேன். கிளம்பும்போது முன்பைவிட நன்றாகக் கிளம்புகிறது. ஆனால் 35, 40 ஹெர்ட்சில் கட்டி கொடுத்தால் அதே கதை.

காற்றாடி, ஆரல்வாய்மொழி

பூஸ்ட் எல்லாம் பழைய வித்தை. உங்கள் டிரைவில் வெக்டர் கட்டுப்பாடு இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து, பெயர்த்தகட்டில் உள்ள எண்களைக் கொடுத்து, ஆட்டோ டியூன் போடுங்கள். டிரைவ் தானே மோட்டாரின் மின்தடையை அளந்துகொள்ளும். காந்தப்புலத்துக்கு எவ்வளவு மின்னோட்டம், முறுக்குவிசைக்கு எவ்வளவு என்று தனித்தனியே பிரித்து ஆளும் முறை அது. நான் ஏறி இறங்கும் காற்றாலைகளில் புதிய வகைகள் எல்லாம் இதே தத்துவத்தில்தான் ஓடுகின்றன.

மலையோரத்தான்

நீங்கள் சொன்னபடியே செய்தேன் அண்ணன். இப்போது இன்னும் மோசம். 30 ஹெர்ட்சுக்கு மேல் மோட்டார் நடுங்குகிறது. கட்டி கொடுத்தால் வேகம் ஏறி இறங்கிக் குதிக்கிறது. பழைய முறைக்கே திரும்பிவிட்டேன்.

இன்னொன்று. டிரைவின் வெளியீட்டை மல்டிமீட்டரில் அளந்தேன். இரண்டு முனைகளுக்கு நடுவே 310 வோல்ட் காட்டியது. அப்படியானால் மின்னழுத்தம் போதுமான அளவு வருகிறது என்றுதானே பொருள்?

பழைய பயிற்றுநர், நாகர்கோவில்

அந்த 310ஐ நம்ப வேண்டாம் தம்பி. டிரைவ் கொடுப்பது சைன் அலை அன்று. நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டி அனுப்பும் துடிப்புகள். சாதாரண மீட்டர் அதைப் பார்த்து மிரண்டு வாய்க்கு வந்ததைச் சொல்லும். உள்ளே போகும் 230 வோல்ட், டிரைவுக்குள் நேர்மின்சாரமாகி ஏறத்தாழ 325 வோல்ட்டில் கெப்பாசிட்டரில் நிற்கிறது. அதை வெட்டி மும்முனையாக்கினால் மோட்டாருக்குப் பயன்படும் மின்னழுத்தம் 230ஐத் தாண்டாது. அதற்குள் ஏற்றிக் கொடுக்கும் மின்மாற்றி எதுவும் இல்லை.

எனக்கு இரண்டு விவரம் வேண்டும். வெறுமனே 50 ஹெர்ட்சில் ஓடும்போது திரையில் எத்தனை ஆம்பியர்? பெயர்த்தகட்டில் 415 வோல்ட்டுக்குப் பக்கத்தில் ஸ்டார் என்றோ டெல்டா என்றோ, அல்லது அந்தக் குறியோ இருக்கிறதா? மூன்று சுருள்களின் ஒரு பக்க முனைகளை ஒன்றாக முடிச்சிட்டால் ஸ்டார், ஒன்றன் முனையை அடுத்ததோடு சேர்த்து முக்கோணமாக்கினால் டெல்டா.

மலையோரத்தான்

ஐயா, வெறும் ஓட்டத்தில் 0.8 ஆம்பியர். தகட்டைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். 415க்குப் பக்கத்தில் கவட்டை போல, ஒய் எழுத்து மாதிரி ஒரு குறி இருக்கிறது.

பழைய பயிற்றுநர்

அப்படியென்றால் டிரைவைத் திட்ட வேண்டாம், அது நல்ல டிரைவ்தான்.

0.8 ஆம்பியர் என்றதுமே எனக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. 3.4 ஆம்பியர் மோட்டார் வெறுமனே ஓடும்போதே அதில் பாதியளவு இழுக்க வேண்டும். அது காந்தப்புலத்தை உண்டாக்கும் மின்னோட்டம். உங்கள் மோட்டார் அதில் பாதிகூட இழுக்கவில்லை. உள்ளே காந்தம் அரைவயிற்றோடு இருக்கிறது.

கணக்கு இதுதான். ஸ்டார் இணைப்பில் இந்த மோட்டாருக்கு 50 ஹெர்ட்சில் 415 வோல்ட் வேண்டும். அதாவது ஒரு ஹெர்ட்சுக்கு 8.3 வோல்ட். இந்த விகிதத்தைக் காப்பாற்றினால்தான் காந்தப்பாயம், அதாவது உள்ளே இருக்கும் காந்தத்தின் அளவு, குறையாமல் இருக்கும். வோல்ட்-ஹெர்ட்ஸ் முறை என்று பெயர் வந்ததே அதனால்தான். உங்கள் டிரைவ் 50 ஹெர்ட்சில் 220 வோல்ட் என்று அமைத்து வந்திருக்கும். ஒரு ஹெர்ட்சுக்கு 4.4 வோல்ட். காந்தப்பாயம் 53 சதவீதம். மோட்டார் தாங்கக்கூடிய உச்ச முறுக்குவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, 0.53ஐ 0.53ஆல் பெருக்குங்கள், 0.28. நான்கு ஆள் தள்ள வேண்டிய இடத்தில் ஓர் ஆள் நிற்கிறார்.

திரையில் 40.00 நின்றதும் இதனால்தான். அது டிரைவ் கொடுக்கும் அதிர்வெண், மோட்டாரின் வேகம் அன்று. இந்த முறையில் மோட்டார் சுற்றுகிறதா நிற்கிறதா என்பதே டிரைவுக்குத் தெரியாது.

பூஸ்ட் ஏன் உதவவில்லை? அது அடிமட்ட ஹெர்ட்சில் மட்டும் கொஞ்சம் வோல்ட் கூட்டிக் கொடுக்கும், மேலே போகப் போக மறைந்துவிடும். ஆரல்வாய்மொழித் தம்பி சொன்ன வெக்டர் முறை நல்ல முறைதான், 1970களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் பிளாஷ்கே வகுத்துக் கொடுத்தது. ஆனால் 415 வோல்ட் மோட்டார் என்று தகட்டைப் பார்த்து எழுதிவிட்டு 230 வோல்ட் மட்டும் கையில் இருந்தால், அதுவும் மேல் வேகத்தில் முட்டிக்கொண்டு நடுங்கத்தான் செய்யும்.

செய்ய வேண்டியது: டெல்டாவுக்கு மாற்றுங்கள். 415ஐ 1.732ஆல் வகுத்தால் 240. இதே சுருள்களுக்கு டெல்டாவில் 240 வோல்ட் போதும்.

டிரைவை அணைத்தபின் பத்து நிமிடம் காத்திருந்து முனைப்பெட்டியைத் திறவுங்கள். கெப்பாசிட்டர் உடனே காலியாகாது.

காற்றாடி, ஆரல்வாய்மொழி

ஐயா சொன்னதுதான் சரி. நான் தகட்டுக் குறியைக் கேட்காமலே மருந்து எழுதிவிட்டேன். மன்னிக்கவும் தம்பி.

மலையோரத்தான்

ஐயா, பெட்டியைத் திறந்தேன். ஆறு கம்பி இருக்கும் என்று நினைத்தேன். மூன்றுதான் இருக்கிறது. சிவப்பு, மஞ்சள், நீலம். தகடு வைத்து இணைக்கும் ஆறு திருகுகளும் இல்லை, மூன்று கம்பியும் நேராக உள்ளிருந்து வருகின்றன. இனி என்ன செய்வது? இன்று எடுத்த பால் வேறு தட்டில் உறைந்து கிடக்கிறது.

பழைய பயிற்றுநர்

யாரோ மறுபடி வைண்டிங் கட்டும்போது ஸ்டார் முடிச்சை உள்ளேயே போட்டு மூடியிருக்கிறார்கள். சிறிய மோட்டார்களில் சாதாரணம். வைண்டிங் கடையில் கொடுத்தால் முடிச்சைப் பிரித்து, மூன்று கம்பியை நீட்டி வெளியே கொண்டுவருவார்கள். புதிதாகக் கட்ட வேண்டியதில்லை, அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இன்றைய பாலுக்கு ஒரு வழி உண்டு. டிரைவ் தன் முழு மின்னழுத்தத்தை எட்டும் இடம் அடிப்படை அதிர்வெண். அந்த அமைப்பை 50லிருந்து 28க்குக் குறையுங்கள். அதற்குரிய மின்னழுத்தம் 230. அதிகபட்ச அதிர்வெண்ணையும் 28லேயே நிறுத்துங்கள். 230ஐ 8.3ஆல் வகுத்தால் 27.7, அவ்வளவுதான் கணக்கு. 28 ஹெர்ட்ஸ் வரை மோட்டாருக்கு முழு பலம் கிடைக்கும். வேகம் பாதியளவுதான், ஆனால் முதல் சுற்றுக்கு நீங்கள் கேட்டதே அந்த வேகம்தானே. அடிக்கடி தொட்டுப் பாருங்கள். மெதுவாகச் சுற்றும்போது மோட்டாரின் பின்விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும்.

மலையோரத்தான்

ஐயா! 25 ஹெர்ட்சில் வைத்துக் கொடுத்தேன். கட்டி உள்ளே போனது, மறுபக்கம் பட்டையாக வந்தது, மோட்டார் முகம் சுளிக்கவில்லை. இருந்த கட்டி முழுவதையும் அடித்து முடித்தோம். அப்பா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "இதை முதல் நாளே செய்திருக்கலாமே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு சிறு தொல்லை. டிரைவைப் போடும்போது மின்கசிவு காக்கும் சுவிட்ச் சில நேரம் விழுந்துவிடுகிறது.

வழிப்போக்கன்

டிரைவ் வைத்தால் அது விழத்தான் செய்யும். அந்தச் சுவிட்சைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுங்கள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஐஸ்காரன், குளச்சல்

எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. தரை முழுக்கத் தண்ணீரும் ஆசிட்டும், ஈரக்கையோடு பிடிப்பது இரும்பு ரோலர். அங்கே அந்தச் சுவிட்சைக் கழற்றச் சொல்கிறீர்களே. தம்பி, டிரைவுக்குள் இரைச்சல் வடிகட்டி இருக்கும். அதன் கெப்பாசிட்டர் வழியே கொஞ்சம் மின்னோட்டம் எர்த்துக்குப் போகும். வீட்டில் மற்றக் கசிவுகளோடு அதுவும் சேர்ந்து 30 மில்லி ஆம்பியரை எட்டினால் சுவிட்ச் விழும். கொட்டகைக்குத் தனி இணைப்பு இழுத்து, டிரைவுக்கு ஏற்ற வகைக் கசிவு சுவிட்ச் ஒன்றைத் தனியாக வையுங்கள். மோட்டார் கம்பியை நீளமாக விடாதீர்கள். மோட்டார் உடம்புக்கும் ரோலர் சட்டத்துக்கும் எர்த் கட்டாயம்.

மலையோரத்தான் (நான்கு நாள் கழித்து)

மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் கொடுத்தேன். பின்மூடியைக் கழற்றி, நூல்கட்டைப் பிரித்தார். மஞ்சள் உறைக்குள் மூன்று கம்பியும் முறுக்கி ஈயம் வைத்த முடிச்சு. பட்டாணி அளவுதான் இருந்தது. அதைப் பிரித்து, நீட்டி, வார்னிஷ் ஊற்றி, ஆறு முனையாக்கிக் கொடுத்தார். டெல்டாவாக இணைத்து, அடிப்படை அதிர்வெண்ணை மறுபடி 50க்கு மாற்றினேன்.

போட்டவுடன் 2 ஹெர்ட்சிலேயே அதிக மின்னோட்டம் என்று விழுகிறது! வெறும் ஓட்டம்தான், பெல்ட்டே போடவில்லை. முன்பு இந்தக் குறை இருந்ததே இல்லை. கடைக்காரர் எதையாவது கெடுத்துவிட்டாரா?

பழைய பயிற்றுநர்

கடைக்காரர் பாவம். நீங்கள் 20க்கு ஏற்றிய பூஸ்ட் அப்படியே இருக்கிறதா?

மலையோரத்தான்

இருக்கிறது ஐயா. மறந்தே போனேன்.

பழைய பயிற்றுநர்

அதுதான். ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்குப் போனால், இரு முனைகளுக்கு இடையே டிரைவ் பார்க்கும் மின்தடை மூன்றில் ஒன்றாகிவிடும். 20 சதவீதம் என்றால் 44 வோல்ட்; மோட்டார் சுற்றத் தொடங்கும் முன் அதைத் தடுக்க மின்தடையைத் தவிர வேறு எதுவும் இல்லை. முன்பு 5, 6 ஆம்பியர் போன இடத்தில் இப்போது மூன்று மடங்கு போகும். 3க்கு இறக்குங்கள். மோட்டார் மின்னோட்டத்தையும் 3.4லிருந்து 5.9 ஆக்குங்கள், டெல்டாவில் அதுதான் அளவு. மாற்றாவிட்டால் டிரைவ் தேவையில்லாமல் அதிகச் சுமை என்று நிறுத்தும். டிரைவின் 7 ஆம்பியருக்குள் அடங்கிவிடுகிறது, கவலையில்லை.

மலையோரத்தான்

பூஸ்ட் 3. கிளம்பிவிட்டது. ஆனால் வெறும் ஓட்டத்தில் இப்போது 2.9 ஆம்பியர் காட்டுகிறது ஐயா. 0.8 இருந்த இடத்தில் 2.9. இது அதிகமில்லையா?

பழைய பயிற்றுநர்

5.9இல் பாதி. அது இழுக்க வேண்டியதைத்தான் இழுக்கிறது.

இனி ஆரல்வாய்மொழித் தம்பி சொன்ன ஆட்டோ டியூனைப் போடுங்கள்: 240 வோல்ட், 5.9 ஆம்பியர், 1420 சுற்று என்று கொடுத்து, பெல்ட்டைக் கழற்றிவிட்டு. பிறகு கட்டி கொடுத்து இரண்டு முறையையும் ஒப்பிட்டுச் சொல்லுங்கள். உங்களுக்கு வோல்ட்-ஹெர்ட்ஸ் முறையே போதும் என்பது என் எண்ணம்.

மலையோரத்தான்

ஒப்பிட்டேன். 12 ஹெர்ட்சுக்குக் கீழே வெக்டரில்தான் ரோலர் அடம்பிடிக்காமல் ஒரே சீராகச் சுற்றுகிறது. கட்டி நுழையும்போது வேகம் தளரவில்லை. அதற்கு மேலே எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. முதல் சுற்றை 15 ஹெர்ட்சிலும், ஷீட்டில் வரி பதிக்கும் ரோலரை 35 ஹெர்ட்சிலும் ஓட்டுகிறேன். ஷீட் 3 மில்லிமீட்டருக்குச் சீராக வருகிறது. வெக்டரிலேயே விட்டுவிட்டேன், ஐயா கோபிக்க வேண்டாம்.

பழைய பயிற்றுநர்

கோபம் எதற்கு, ரோலர் உங்களுடையது. ஒன்று மட்டும் கேட்கிறேன். விரல் மாட்டினால் நிறுத்துவது எப்படி? டிரைவின் பொத்தானை அழுத்தியா?

மலையோரத்தான்

இதுவரை அப்படித்தான் ஐயா. டிரைவ் சுவரில் இருக்கிறது, ரோலரிலிருந்து நான்கு அடி.

பழைய பயிற்றுநர்

ஒரு கை ரோலரில் மாட்டியிருக்கும்போது நான்கு அடி வெகு தூரம். சிவப்புக் காளான் பொத்தான் ஒன்றை வாங்கி, ரோலர் சட்டத்திலேயே, முழங்கால் இடித்தாலே அழுந்தும் உயரத்தில் வையுங்கள். அது அழுந்தினால் டிரைவுக்கு மின்சாரம் கொடுக்கும் கான்டாக்டர் (மின்காந்தச் சுவிட்ச்) விழ வேண்டும். பின்னோக்கிச் சுற்ற இன்னொரு பொத்தான் தனியாக. அதை வைத்துவிட்டு அப்பாவிடம் ரோலரைக் கொடுங்கள்.

மலையோரத்தான்

நாளைக்கு மழை என்றால் ரப்பர் மரத்தில் பால்வெட்டு இருக்காது. நாகர்கோவில் போய் வாங்கி வந்து பொருத்திவிடுகிறேன் ஐயா. தலைப்பில் தீர்ந்தது என்று சேர்த்துவிட்டேன்.