மக் கேக் ஆறியதும் ரப்பர் போல இறுகிவிடுகிறது: தவறு எங்கே?

கேள்வி

வணக்கம். ஒருவருக்கு மட்டும் போதுமான அளவில் மைக்ரோவேவில் மக் கேக் செய்து வருகிறேன். நான்கு மேசைக்கரண்டி மைதா, இரண்டு மேசைக்கரண்டி கோகோ, மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு முட்டை, மூன்று மேசைக்கரண்டி பால், இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர் ஆகியவற்றைக் குவளையிலேயே நெடுநேரம் அடித்துக் கலந்து, 900 வாட்டில் இரண்டு நிமிடம் வைக்கிறேன். கேக் விளிம்பைத் தாண்டி எழும்பி, அடுப்பு நின்றதும் அமுங்கிவிடுகிறது. பத்து நிமிடம் ஆறிய பின் கரண்டியால் அழுத்தினால் உள்ளே இறங்காமல் திமிறுகிறது. எதை மாற்ற வேண்டும்?

மறுமொழி 1

முதலில் முட்டையை விட்டுவிடுங்கள். இவ்வளவு குறைந்த மாவுக்கு ஏறத்தாழ 50 கிராம் எடையுள்ள முழு முட்டை மிக அதிகம். அதன் வெள்ளைக்கருவிலுள்ள புரதம் அளவுக்கு மீறிச் சூடாகும்போது இறுகித் தன்னிடமுள்ள நீரை வெளியே தள்ளிவிடுவதால், நீங்கள் சொல்லும் அந்தத் திமிறல் வருகிறது. பாலை ஐந்து மேசைக்கரண்டியாக உயர்த்தினால் முட்டை இல்லாமலேயே கேக் நன்றாகச் சேர்ந்து நிற்கும். முட்டையின் சுவை வேண்டுமென்றால் மஞ்சள்கருவை மட்டும் சேர்த்து, அது முழுவதும் வெந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நெடுநேரம் அடிப்பதும் கெடுதல்தான், ஏனெனில் ஈரம்பட்ட மைதாவை அடிக்க அடிக்க அதில் குளூட்டன் என்ற பசைத்தன்மையுள்ள புரதம் வலுப்பட்டு, கேக்கைக் கடித்து மென்று தின்ன வேண்டியதாகிவிடும். உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாத அளவில் நிறுத்திவிடுங்கள்.

இரண்டு நிமிடமும் அதிகம். மைக்ரோவேவ் முக்கியமாக மாவிலுள்ள நீரைச் சூடாக்குகிறது. அந்த நீர் ஆவியாகத் தொடங்கிய பிறகு கூடுகிற ஒவ்வொரு பத்து விநாடியும் கேக்கை உலர்த்துகிறது. மேற்புறம் பொன்னிறமாகட்டும் என்று காத்திருக்காதீர்கள், அந்த நிறம் இதில் வராது. 60 விநாடியில் திறந்து பாருங்கள். ஓரம் குவளையை விட்டு விலகி, நடுவில் ஒரு நாணய அளவுக்கு மட்டும் ஈரம் பளபளத்தால் வெளியே எடுத்துவிடலாம். உள்ளிருக்கும் சூட்டிலேயே இரண்டு நிமிடத்தில் அதுவும் வெந்துவிடும். மாவாகவே தளும்பினால் பத்துப் பத்து விநாடியாகக் கூட்டுங்கள்.

மறுமொழி 2

அமுங்குவதற்குப் பேக்கிங் பவுடரின் அளவே காரணம் என்று நினைக்கிறேன். கால் தேக்கரண்டி போதும். அதற்கு மேல் போனால், மாவு வெந்து உறுதிப்படும் முன்பே குமிழ்கள் பெரிதாகி உடைந்துவிடுகின்றன. குவளையில் பாதிக்கு மேல் மாவு இருக்கக் கூடாது. வாய் அகன்ற குவளையில் நடுப்பகுதியும் பின்தங்காமல் வேகும். தங்க நிறக் கோடு போட்ட குவளையைத் தயவுசெய்து வைக்காதீர்கள், அந்த உலோகப்பூச்சு தீப்பொறி கிளப்பும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. முட்டையின்றி, கால் தேக்கரண்டி பேக்கிங் பவுடருடன் 70 விநாடி வைத்தேன். ஆறிய பிறகும் கரண்டி மெத்தென்று உள்ளே இறங்கியது. ஆனால் குறைவாகக் கலக்கியதாலோ என்னவோ, அடிமூலையில் வெள்ளை மாவு கட்டியாக ஒட்டியிருந்தது.

மறுமொழி 1

பாலையும் எண்ணெயையும் முதலில் ஊற்றிச் சர்க்கரையைக் கரைத்துக்கொண்டு, மைதா, கோகோ, பேக்கிங் பவுடர் மூன்றையும் ஒன்றாகச் சலித்து அதன் மேல் போடுங்கள். மாவு அடியில் போய்ச் சிக்காது. சிறிய முள்கரண்டியால் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றினாலே கலந்துவிடும்.