கோரிலேயே கைவைத்த வேர்ட்பிரஸ் தளம்: சாதாரண வேர்ட்பிரஸுக்குத் திரும்புவது எப்படி?

கேள்வி

வணக்கம். வேர்ட்பிரஸ் (இணையதளம் நடத்த உதவும் மென்பொருள்) 4.9-லேயே நின்றுவிட்ட ஒரு தளத்தை, தனி வேலைப்பாடு இல்லாத இன்றைய வேர்ட்பிரஸுக்குக் கொண்டுவர வேண்டும். நிலவரம் இது.

கோர் ஃபைல்களிலேயே (வேர்ட்பிரஸின் சொந்த மூல ஃபைல்கள்) நேரடியாக மாற்றி எழுதியிருக்கிறார்கள். எத்தனை இடத்தில் என்பதற்குக் குறிப்பு எதுவும் இல்லை. அப்டேட் போட்டால் எது உடையும் என்று தெரியாததால் அப்டேட்டையே முடக்கி வைத்திருக்கிறார்கள். தீமின் (தளத்தின் தோற்றத்தைத் தரும் தொகுப்பு) ஃபங்ஷன்ஸ் ஃபைல் 6,000 வரிக்கு மேல். கட்டுரைகளில் ஒரு பகுதி வழக்கமான போஸ்ட்ஸ் டேபிளில் இருக்கிறது. இன்னொரு 11,000 கட்டுரைகள் கையால் உருவாக்கிய தனி டேபிளில். அந்தக் கட்டுரைகளின் முகவரி "கேள்விக்குறி, ஐடி, எண்" என்ற வடிவம். உறுப்பினர்களுக்கும் தனி டேபிள்; பாஸ்வேர்டு, சால்ட் (கூடுதலாகச் சேர்க்கும் எழுத்துகள்) சேர்த்த ஷா-1 ஹாஷ் (பாஸ்வேர்டை மறைத்து வைக்கும் குறிமுறை). பிஹெச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழி) 5.6-ல் ஓடுகிறது, 8-க்கு மாறியே ஆக வேண்டும். போதாக்குறைக்கு, தனி டேபிளைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஐரோப்பிய எழுத்துக் குவியல்தான் தெரிகிறது. தளத்தில் மட்டும் தமிழ் சரியாக வருகிறது.

கோரில் எதெல்லாம் மாறியிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இருக்கும் தளத்தையே படிப்படியாகச் சரிசெய்வதா, பக்கத்தில் புதிதாக நிறுவுவதா? பழைய முகவரிகளை எப்படிக் காப்பாற்றுவது?

பதில் 1

முதல் வேலை ஒப்பிடுவது. டபிள்யூபி-இன்க்ளூட்ஸ் ஃபோல்டரில் உள்ள வெர்ஷன் ஃபைலைத் திறந்து, 4.9-க்குப் பின்னால் உள்ள மூன்றாவது எண் வரை குறித்துக்கொள்ளுங்கள். அதே வெர்ஷனைத்தான் இறக்க வேண்டும். புதியதோடு ஒப்பிட்டால் ஆயிரக்கணக்கான வித்தியாசம் வந்து எதுவும் புரியாது. டபிள்யூபி-சிஎல்ஐ (வேர்ட்பிரஸைக் கட்டளை வரியிலிருந்து இயக்கும் கருவி) இருந்தால் 'கோர் வெரிஃபை-செக்சம்ஸ்' கட்டளை போதும்: மாறிய ஃபைல்களையும், அங்கே இருக்கவே கூடாத ஃபைல்களையும் தனித்தனியாகச் சொல்லும். பிளகின்களுக்கும் (கூடுதல் வசதி சேர்க்கும் துணை நிரல்கள்) இதே போன்ற கட்டளை உண்டு, ஆனால் அதிகாரபூர்வ டைரக்டரியில் உள்ள பிளகின்களுக்கு மட்டும்தான் செல்லும்.

கட்டளை எல்லா ஃபைலும் மாறியதாகக் காட்டினால் பதற வேண்டாம். பழைய காலத்தில் எஃப்டிபி டெக்ஸ்ட் மோடில் ஏற்றியிருந்தால் வரிமுடிவுகள் மாறியிருக்கும், அதனாலேயே செக்சம் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) பொருந்தாது. இரண்டு ஃபைல்களை ஒப்பிடும் டிஃப் கட்டளையில் வரிமுடிவைப் புறக்கணிக்கும் விருப்பத்தைக் கொடுத்து மறுபடி ஓட்டுங்கள். உண்மையான மாற்றங்கள் மட்டும் மிஞ்சும்.

பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் எதிரே, அது தளத்தில் என்ன செய்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். கோடு என்ன சொல்கிறது என்பது வேண்டாம், வாசகருக்கோ எடிட்டருக்கோ என்ன தெரிகிறது என்பதுதான் வேண்டும். அப்படி எழுதினாலே நிறைய உதிர்ந்துவிடும். படங்களைத் தாமதமாக ஏற்றுவதும் எக்ஸ்எம்எல் சைட்மேப்பும் 5.5-லேயே, 2020-ல், கோருக்குள் வந்துவிட்டன. அதற்காக எழுதிய கோடு இனி தேவையில்லை. புதிய ஃபைல் வகைகளை ஏற்ற அனுமதித்த மாற்றம் 'அப்லோட் மைம்ஸ்' ஃபில்டரில் (கோரைத் தொடாமல் அதன் தரவை மாற்ற வழிதரும் இடம்) மூன்று வரியாக அடங்கும். லாகின் பக்கத்து லோகோவுக்கு 'லாகின் என்க்யூ ஸ்கிரிப்ட்ஸ்' ஹூக் (நம் கோடை மாட்டக் கோர் விட்டிருக்கும் கொக்கி) இருக்கிறது. எந்த ஹூக்கிலும் அடங்காதது எதுவும் மிஞ்சினால், அது உண்மையிலேயே தேவையா என்று தளத்தை நடத்துபவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் அந்த வசதியை யாரும் தொட்டே பல வருடம் ஆகியிருக்கும்.

இருக்கும் தளத்தைச் சரிசெய்யப் போகாதீர்கள், பக்கத்திலேயே புதிதாக நிறுவுங்கள். அந்தக் காலத்துக் கோடில் மைஎஸ்க்யூஎல்_ என்று தொடங்கும் ஃபங்ஷன்கள் இருந்தால் பிஹெச்பி 7.0-லேயே நீக்கிவிட்டார்கள், கிரியேட்_ஃபங்ஷனும் ஈச்சும் 8.0-ல் போய்விட்டன. எல்லாம் ஒரே நேரத்தில் உடையும்போது எது எதனால் என்று பிரித்தறிய முடியாது. ஆனால் வழக்கமான டேபிள்களில் இருக்கும் போஸ்ட்களை எக்ஸ்எம்எல் எக்ஸ்போர்ட் வழியாகக் கொண்டுபோக வேண்டியதில்லை. அந்த டேபிள்களின் டம்ப்பை (முழு நகலை) புதிய இடத்தில் ஏற்றி 'கோர் அப்டேட்-டிபி' ஓட்டினால் போதும், ஐடிகள் அப்படியே இருக்கும். ஸ்கிரிப்ட் தேவைப்படுவது அந்த 11,000-க்கு மட்டும்.

ஃபங்ஷன்ஸ் ஃபைலை இரண்டாகப் பிரியுங்கள். தோற்றம் சார்ந்தது சைல்டு தீமுக்கு (மூலத் தீமைத் தொடாமல் அதன் மேல் அமரும் தீம்). தரவும் நடத்தையும் ஒரு பிளகினுக்கு. கஸ்டம் போஸ்ட் டைப்பை (நாமே வரையறுக்கும் பதிவு வகை) தீமுக்குள் பதிவு செய்திருந்தால், தீமை மாற்றிய நொடியில் அந்தப் பதிவுகள் அட்மின் பக்கத்திலிருந்து காணாமல் போகும். டேட்டாபேஸில் பத்திரமாகத்தான் இருக்கும், ஆனால் பார்ப்பவருக்கு எல்லாம் அழிந்த மாதிரிதான். யாரும் தவறி முடக்கக் கூடாத கோடை மியூ-பிளகின்ஸ் ஃபோல்டரில் வையுங்கள். அங்கே நேரடியாக இருக்கும் பிஹெச்பி ஃபைல்தான் ஏறும், உள்ஃபோல்டரில் வைத்தால் ஏறாது.

பதில் 2

11,000 கட்டுரைகளுக்கான ஸ்கிரிப்ட் பற்றி. எத்தனை தடவை ஓட்டினாலும் ஒரே முடிவு தரும்படி எழுதுங்கள், மற்ற எல்லாமே இதற்குப் பிறகுதான். ஒவ்வொரு போஸ்டிலும் பழைய ஐடியை மெட்டாவாக (போஸ்டோடு ஒட்டி வைக்கும் கூடுதல் தகவல்) வையுங்கள். ஏற்றும் முன் அந்த ஐடி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் புதுப்பிக்கவும் இல்லையென்றால் சேர்க்கவும் செய்யட்டும். முதல் ஓட்டத்திலேயே எல்லாம் சரியாக வராது. மாறுகிற நாளில் கடைசியாகச் சேர்ந்த கட்டுரைகளை இழுக்கவும் இதே ஸ்கிரிப்ட்தான் கைகொடுக்கும். டபிள்யூபி_இன்சர்ட்_போஸ்டில் 'இம்போர்ட் ஐடி' கொடுத்துப் பழைய எண்ணையே வைக்கலாம் என்று தோன்றும். உங்கள் விஷயத்தில் வேண்டாம், இரண்டு டேபிளிலும் ஒரே எண்கள் இருப்பதால் மோதும்.

பலரும் சறுக்கும் இடம் பின்சாய்கோடு. டபிள்யூபி_இன்சர்ட்_போஸ்ட் தனக்கு வரும் தரவில் ஸ்லாஷ் சேர்த்திருப்பதாக நினைத்து ஒரு அடுக்கை நீக்கும். "சி:\பேக்கப்\புதிது" என்று கட்டுரையில் இருந்தால் "சி:பேக்கப்புதிது" என்று இறங்கும். பிழைச்செய்தி எதுவும் வராது. ஆகவே அனுப்பும் முன் மொத்த அரேயையும் டபிள்யூபி_ஸ்லாஷ் வழியே விடுங்கள்.

அடுத்தது தேதி. வெளியிட்ட தேதியைக் கொடுத்தால் அது நிற்கும். 'மாற்றிய தேதி' நிற்காது: புதிய போஸ்டுக்கு வெளியிட்ட தேதியையே அங்கும் போடும், இருப்பதைப் புதுப்பித்தால் இன்றைய தேதியைப் போடும். பழைய மாற்றத் தேதி முக்கியம் என்றால் 'டபிள்யூபி இன்சர்ட் போஸ்ட் டேட்டா' ஃபில்டரில் பிடித்து மாற்ற வேண்டும்.

க்ரான் (குறித்த நேரத்தில் தானே ஓட்டும் வசதி) வழியாகவோ லாகின் இல்லாத ஸ்கிரிப்டாகவோ ஓட்டினால், கேஎஸ்இஎஸ் வடிகட்டி (ஆபத்தான எச்டிஎம்எல் குறிகளை நீக்குவது) ஐஃப்ரேம்களை (வெளித்தளத்து வீடியோ போன்றவற்றைப் பதிக்கும் குறிகள்) உருவிவிடும். வீடியோ இருந்த இடம் வெறுமையாகும். அதை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள், முடிந்ததும் திரும்ப இயக்குங்கள். டபிள்யூபி_இம்போர்ட்டிங் கான்ஸ்டன்டை முதலிலேயே அறிவித்துவிட்டால், ஏற்றும் ஒவ்வொரு கட்டுரைக்கும் பிங்பேக் (இணைப்பு கொடுத்த தளத்துக்குப் போகும் தானியங்கி அறிவிப்பு) கிளம்பாது. சந்தாதாரர்களுக்கு மெயில் அனுப்பும் பிளகின் இருந்தால் அதை முடக்காமல் ஆரம்பிக்கவே கூடாது. டெர்ம் (வகை, குறிச்சொல்) எண்ணிக்கையைத் தள்ளிவைத்து, 500 கட்டுரைக்கு ஒருமுறை கேஷைக் காலி செய்தால் மெமரி தாங்கும்.

தனி டேபிளில் தலைப்பு, உடல், தேதி தவிர வேறு நெடுவரிசைகளும் இருக்குமே, அவற்றை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போஸ்ட்மெட்டாவில் கொட்டாதீர்கள். மெட்டா வேல்யூ லாங்டெக்ஸ்ட், அதற்கு இண்டெக்ஸ் கிடையாது. காட்டுவதற்கு மட்டும் என்றால் மெட்டா சரி. குழுவாகப் பிரிப்பதென்றால் டாக்ஸானமி (வகைப்பாடு). இரண்டு மூன்று எண்களை வைத்து வடிகட்டித் தேடும் பக்கம் இருந்தால், அந்தத் தரவு மட்டும் தனி டேபிளிலேயே இருக்கட்டும், பிளகின் வழியே படியுங்கள். "ஸ்டாண்டர்டு" என்பதற்காக அதையும் மெட்டாவுக்குள் திணித்தால் தளம் தவழும்.

படங்களை ஃபோல்டரோடு நகலெடுத்தால் மீடியா லைப்ரரியில் தெரியாது. 'மீடியா இம்போர்ட்' செய்ய வேண்டும். அகலமோ உயரமோ 2560 பிக்சலைத் தாண்டினால் 5.3 முதல் சிறிதாக்கிய பிரதி ஒன்று உருவாகி, பெயரில் 'ஸ்கேல்டு' என்று ஒட்டிக்கொள்ளும். கட்டுரைக்குள் இருக்கும் படமுகவரியைப் பழைய பெயரை வைத்து யூகிக்காமல், இம்போர்ட் திருப்பித் தரும் ஐடியிலிருந்து எடுங்கள்.

பதில் 3

எழுத்துப் பிரச்சினையும் முகவரியும் பத்தி மட்டும் நான் சொல்றேன். எந்த வகைக் கோளாறுன்னு தெரியாம ஆல்டர் கட்டளை எதுவும் ஓட்டிடாதீங்க. "அம்மா"ங்கிற சொல்லு மட்டும் இருக்கிற ஒரு வரிசையை எடுத்து, சார்_லெங்த் (எழுத்து எண்ணிக்கை), லெங்த் (பைட் எண்ணிக்கை) ரெண்டையும் கேட்டுப் பாருங்க. அந்தச் சொல்லுல யூனிகோடு கணக்குப்படி 5 குறியீடு, ஒண்ணுக்கு 3 பைட், மொத்தம் 15. விடை 5, 15-னு வந்தா டேபிள் சரி. 15, 15-னு வந்தா பைட்டெல்லாம் நல்லா இருக்கு, நெடுவரிசை லேபிள்தான் லத்தீன்1-னு (ஐரோப்பிய எழுத்து முறை) தப்பா இருக்கு. 15-ம், அதோட 30-ஓ அதுக்கு மேலயோ வந்தா ரெண்டு தடவை என்கோடு ஆயிருக்கு.

நீங்க சொல்றதைப் பாத்தா ரெண்டாவது வகையாத்தான் இருக்கும். அதுல நேரா 'கன்வர்ட் டு யூடிஎஃப்8எம்பி4' (யூனிகோடு முறைக்கு மாத்துற கட்டளை) போட்டீங்கன்னா மூணாவது வகையா மாறிடும், அது இன்னும் மோசம். நெடுவரிசையை முதல்ல லாங்பிளாப் (வெறும் பைட்டா வைக்கிற வகை) ஆக்குங்க, அப்புறம் யூடிஎஃப்8எம்பி4 லாங்டெக்ஸ்ட் ஆக்குங்க. பிளாபுக்குப் போகும்போது பைட்டை மைஎஸ்க்யூஎல் தொடாது. பேக்கப்ல இருந்து எடுத்த நகல்லதான் இதைச் செய்யணும்.

இப்ப ஸ்லக், அதாவது முகவரியோட கடைசியில வர்ற பேரு. போஸ்ட்_நேம் நெடுவரிசை 200 எழுத்துதான். தமிழ்க் குறியீடு ஒண்ணு சதவீதக் குறியோட எழுதினா 9 எழுத்து ஆயிடும், அதனால மொத்தமே 22 குறியீடுதான் கொள்ளும். "உள்ளடக்க மேலாண்மை முறைகள்"னு தலைப்பு வெச்சா, ரெண்டு இடைவெளியையும் சேத்து "முறைகள"ங்கிற இடத்துல சரியா 200 முடியும்; கடைசிப் புள்ளிக்கு இடமில்ல. அதே தலைப்புல பகுதி 1, பகுதி 2-னு ஒரு தொடரே இருந்தா எல்லாத்துக்கும் ஒரே ஸ்லக் வந்து, பின்னாடி 2, 3-னு எண் ஒட்டும். அதனால ரீடைரக்ட் (பழைய முகவரியிலிருந்து புதுசுக்குத் திருப்பி அனுப்புறது) பட்டியலைத் தலைப்பை வெச்சுத் தயாரிக்காதீங்க. ஏத்தி முடிச்ச பிறகு கெட்_பெர்மாலிங்க் என்ன தருதோ அதை எடுங்க. நீளத் தலைப்புக்குக் கையால சின்ன ஸ்லக் கொடுக்க முடிஞ்சா இன்னும் நல்லது.

அப்பாச்சி சர்வர்ல சாதாரண ரீடைரக்ட் வரி, கேள்விக்குறிக்கு அப்புறம் வர்றதைப் பாக்காது. ரீரைட்கண்ட்ல க்வெரி ஸ்ட்ரிங்கைப் பிடிக்கணும், க்யூஎஸ்டி கொடியும் போடணும், இல்லன்னா பழைய ஐடி புது முகவரிக்குப் பின்னாடி தொங்கிக்கிட்டே வரும். ஆனா 11,000 வரியை எச்டி-ஆக்சஸ் அமைப்பு ஃபைல்ல போட்டா ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் அவ்வளவையும் படிக்கும். பழைய ஐடி, புது ஐடின்னு ரெண்டே நெடுவரிசையில ஒரு சின்ன டேபிள் வெச்சு, 'டெம்ப்ளேட் ரீடைரக்ட்' ஹூக்ல தேடி அனுப்புங்க. டபிள்யூபி_ரீடைரக்ட் எண் கொடுக்கலைன்னா 302 (தற்காலிக மாற்றம்) அனுப்பும். 301-னு (நிரந்தர மாற்றம்) கொடுக்க மறக்காதீங்க. குறைஞ்சது ஒரு வருஷமாவது அந்த ரீடைரக்ட் இருக்கணும்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. அளந்து பார்த்ததில் 15, 15 என்றுதான் வந்தது. மீதி இரண்டு சந்தேகம்: உறுப்பினர் எல்லோரையும் பாஸ்வேர்டு மாற்றச் சொல்லாமல் கொண்டுவர வழி உண்டா? மாறும் நாளில் வரிசை எப்படி இருக்க வேண்டும்?

பதில் 1

உண்டு. சால்ட் இல்லாத எம்டி5 ஆக இருந்தால் வேர்ட்பிரஸே ஏற்று, முதல் லாகினில் புதிய ஹாஷாக மாற்றிக்கொள்ளும். உங்களுடையது ஷா-1 என்பதால் பழைய ஹாஷையும் சால்ட்டையும் யூசர்மெட்டாவில் வைத்து, 'ஆதென்டிகேட்' ஃபில்டரில் ஒரு சோதனை சேர்க்க வேண்டும். பொருந்தினால் டபிள்யூபி_செட்_பாஸ்வேர்டு கூப்பிட்டு, அந்த மெட்டா இரண்டையும் உடனே அழித்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்தும் மிஞ்சியிருக்கும் ஷா-1 ஹாஷ்களை மொத்தமாக நீக்கி, அவர்களுக்கு மட்டும் ரீசெட் இணைப்பு போதும். பலவீனமான ஹாஷைக் காலவரையின்றி வைத்திருப்பது உறுப்பினர்களுக்குச் செய்யும் தீங்கு.

மாறும் நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே டிஎன்எஸ் டிடிஎல்லை (தள முகவரித் தகவலை மற்ற சர்வர்கள் நினைவில் வைக்கும் நேரம்) 300 நொடிக்கு இறக்குங்கள். அன்று பழைய தளத்தில் எழுதுவதை நிறுத்தி, வழக்கமான டேபிள்களில் புதிதாக வந்ததைக் கொண்டுவந்து, ஸ்கிரிப்டைக் கடைசியாக ஒருமுறை ஓட்டுங்கள். ஸ்டேஜிங் முகவரியை (புதிய தளத்தைச் சோதித்த தற்காலிக முகவரி) மாற்ற வெறும் எஸ்க்யூஎல் ரீப்ளேஸ் கூடாது: சீரியலைஸ் செய்த (பல மதிப்புகளை ஒரே சரமாக்கிச் சேமித்த) தரவில் ஒவ்வொரு சரத்தின் நீளமும் எண்ணாக உடன் இருக்கும், எச்டிடிபி என்பது எச்டிடிபிஎஸ் ஆனாலே ஒரு எழுத்து கூடி, அந்த விட்ஜெட் அமைப்பு முழுவதும் படிக்க முடியாமல் போகும். டபிள்யூபி-சிஎல்ஐயின் 'சர்ச்-ரீப்ளேஸ்' அந்த எண்ணையும் சேர்த்தே திருத்தும். முதலில் ட்ரை-ரன் (எதையும் மாற்றாத ஒத்திகை), பிறகு ஜியூஐடி நெடுவரிசையை (போஸ்டின் மாறாத அடையாளம்) விலக்கி உண்மையான ஓட்டம். அமைப்புகளில் பெர்மாலிங்கை ஒருமுறை சேமித்துவிட்டு, தேடுபொறிகளைத் தவிர்க்கச் சொல்லும் டிக்கை எடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பழைய ஐடிகளில் ஒரு 200-ஐத் தோராயமாக எடுத்து, ஒவ்வொன்றும் ஒரே ஒரு 301 திருப்பலில் 200 (பக்கம் கிடைத்தது) என்ற விடைக்குப் போகிறதா என்று கர்ல் (கட்டளை வரிக் கருவி) வைத்துச் சோதியுங்கள். அதன் பிறகு டிஎன்எஸ்ஸை மாற்றலாம். பழைய சர்வரை உடனே அணைக்காதீர்கள். படிக்க மட்டும் அனுமதித்து ஒரு மாதம் இருக்கட்டும்.