டெட் வில்லியம்ஸ் 1941: வாக் 145 ஆ, 147 ஆ?

அமெரிக்க பேஸ்பால் அணியான ரெட் சாக்ஸின் பழைய கணக்கு பார்ப்பவர்கள் கொஞ்சம் உதவுங்களேன். அந்த அணியின் வில்லியம்ஸ் 1941இல் எடுத்த அடி சராசரியில் சிக்கலே இல்லை: சீசனின் கடைசி நாள் காலை 448 அட்-பேட்டுக்கு (கணக்கில் வரும் அடி வாய்ப்பு) 179 ஹிட், அதாவது .39955. ஃபிலடெல்ஃபியாவில் அன்றைய இரண்டு ஆட்டத்தில் 8க்கு 6. மொத்தம் 456க்கு 185, .406. (அந்த வருஷம் சாக்ரிஃபைஸ் ஃப்ளை விதி கிடையாது, ரன் எடுத்துக்கொடுத்த உயரடி கேட்சும் அட்-பேட் கணக்கில்தான் விழும். பாவம் மனுஷன்!)

உதைப்பது ஆன்-பேஸ் (ஹிட், வாக், பந்து உடம்பில் பட்டது மூன்றையும் சேர்த்து பேஸை எட்டிய விகிதம்). பழைய புத்தகங்களில் வாக் (நான்கு தவறான பந்து வீசப்பட்டால் இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) 145, இப்போதைய பட்டியல்களில் 147. பந்து உடம்பில் பட்டது 3. முதலாவதில் 604க்கு 333, .551, அடுத்ததில் 606க்கு 335, .553. அந்த இரண்டு வாக் எந்தெந்தத் தேதி ஆட்டங்களில் சேர்ந்தன? ஆட்டவாரியான பாக்ஸ் ஸ்கோரோடு (ஒவ்வொரு ஆட்டத்தின் கணக்குப் பட்டியல்) ஒப்பிட்டவர்கள் தேதி மட்டும் சொன்னால் போதும்.