“மறுகா” என்று எழுதியதால் திரும்பி வந்த கதை

களுவாஞ்சிக்குடிப் பெண்:
மருந்துக் கடையில் வேலை. இரவு 10 மணிக்குப் பிறகு, கம்பனிகள் இலவசமாகத் தரும் டயரிகளில் கதை எழுதுகிறேன். 11 கதைகளைப் பத்திரிகைகளுக்கு அனுப்பினேன். 10 கதைகளுக்குப் பதிலே இல்லை. திரும்பி வந்த ஒன்று, எங்கள் மட்டக்களப்பைத் தாக்கிய 1978 நவம்பர் 23 சூறாவளி இரவில் அம்மம்மா நெல் மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த கதை. அவர் பேச்சில் வரும் “மறுகா”, “ஒள்ளுப்பம்” இரண்டையும் சிவப்புப் பேனையால் வெட்டி, “பிறகு”, “கொஞ்சம்” என்று திருத்தியிருந்தார்கள். அப்படியே மாற்றினால் போடுவார்களாம். முதல் கதை அச்சில் வரவேண்டும் என்ற ஆசை ஒரு பக்கம். ஆனால் “பிறகு” என்று பேசும் அம்மம்மாவை எனக்குத் தெரியாது. என்ன செய்வது?

கல்லடி வாத்தியார்:
தங்கச்சி, மாற்றாதீர்கள். விவரணையை எழுத்துத் தமிழில் வையுங்கள், உரையாடலை மட்டும் அவர் வாயிலேயே விடுங்கள். இடம் பார்த்தே பொருள் விளங்கிவிடும். அடிக்குறிப்பும் வேண்டாம், அது பள்ளிப் புத்தகத்துக்கு.

அக்கரைப்பற்றான்:
நான் மாற்றிக் கொடுத்தேன். கதை வந்தது. உம்மா வாசித்துவிட்டு, “இது யார் வீட்டுக் கதை?” என்று கேட்டார். அந்தப் பத்திரிகையை இன்னும் யாருக்கும் காட்டவில்லை.

களுவாஞ்சிக்குடிப் பெண்:
அண்ணன், அது போதும். “மறுகா” இருக்கட்டும். “ஒள்ளுப்பம்” 7 இடத்தில் வருகிறது, அதில் நாலை நானே வெட்டுகிறேன்.